அப்பக் கண்ணு எதுக்கு?

"அப்பக் கண்ணு எதுக்கு தம்பி?"

என் தொலைநோக்கியின் அடியில் புதிதாக முளைத்திருந்த கறுப்பு டப்பாவையும் அதிலிருந்து தொங்கிய ஒயர்களையும் பார்த்துவிட்டு அண்ணா கேட்டது இவ்வளவுதான். அதற்குள் நான் பத்து நிமிடம் பேசியிருந்தேன். என்கோடர் என்றால் என்ன, ஒரு சுற்றுக்கு எத்தனை துடிப்பு, குழாய் பார்க்கும் இடம் போனில் இருக்கும் வான்படத்தில் எப்படி ஒரு வட்டமாக நகரும் என்றெல்லாம். "நீங்க ஒண்ணும் தேட வேண்டாங்ணா. பேரைத் தட்டினாப் போதும், எந்தப் பக்கம் எத்தனை டிகிரி தள்ளோணும்னு அதே சொல்லீரும்" என்று முடித்தேன். வாட்டர் ஃபில்டர் விற்க வந்தவனின் உற்சாகம். அவர் டப்பாவைத் தொடக்கூட இல்லை. கேள்வியைக் கேட்டார், வேட்டியை மடித்துக் கட்டினார், டீ குடிக்கக் கிளம்பிவிட்டார்.

எனக்குச் சுருக்கென்று இருந்தது. அப்புறம் கோபம் வந்தது. மூன்று மாத ராத்திரிகள் அந்த டப்பாவுக்குள் இருந்தன. அவருக்கும் எனக்கும் இடையில் அன்றைக்கு எனக்குத் தெரியாத ஒன்று இருந்தது. அதற்கு வருகிறேன்.

அண்ணாவுக்குக் கோவை கணபதியில் ஒரு சின்ன லேத் பட்டறை. பம்பு செட்டுகளுக்கு ஷாஃப்ட் கடைவது, புஷ் போடுவது. கல்லூரி ப்ராஜெக்டுக்காக ஒரு பித்தளைத் துண்டைக் கடைந்து வாங்கப் போனவன் நான். போன இடத்தில், ஆயில் படிந்த ஒரு ட்ரம்மின் மேல் இரண்டு வட்டக் கண்ணாடிகளை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து, ட்ரம்மைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டே ஒரு மனிதர் தேய்த்துக்கொண்டிருந்தார். நடுவில் கார்பரண்டம் பொடியும் தண்ணீரும். கர்ர் கர்ரென்று சத்தம். "என்னங்ணா இது?" என்றேன். "சனிக்கிரகம்" என்றார்.

அந்தக் கண்ணாடிதான் பிறகு எங்களுடைய 8 அங்குலத் தொலைநோக்கி ஆனது. இரண்டு தட்டையான கண்ணாடிகளைத் தேய்த்தால் மேலே இருப்பது குழியும், கீழே இருப்பது குவியும். அது ஏன் அப்படி என்று யோசித்தால் புரிந்துவிடும், ஆனாலும் கையால் செய்யும்போது நம்ப முடியாது. நடுவில் ஆழம் மொத்தமே 2 மில்லிமீட்டர். அதற்குப் பிறகு பொடியைச் சன்னமாக்கிக்கொண்டே போய், கீல் ஊற்றிய தட்டில் சீரியம் ஆக்சைடு வைத்துப் பாலிஷ் போடும்போதுதான் பைத்தியம் பிடிக்கும். பரப்பு எங்கும் ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு மேல் மேடு பள்ளம் இருக்கக் கூடாது. நூறில் ஒரு பங்கைத் தொழிலாகக் கொண்டவருக்கு இது பெரிய சவால். ஒரு பிளேடையும் ஒரு சின்ன பல்பையும் வைத்துக்கொண்டு நிழலைப் பார்த்தே அந்த மேடுகளைக் கண்டுபிடிப்பார். நானும் பார்ப்பேன், எனக்கு ஒன்றும் தெரியாது. "அங்க பாரு, மோதிரமாட்ட தெரியுதல்ல?" என்பார். அவருடைய கண் அப்படி. சனி, ஞாயிறு மட்டும் வேலை பார்த்து பதினாலு மாதம் ஆயிற்று.

தாங்கி பிளைவுட்டில் செய்தது. ஜான் டாப்ஸன் கண்டுபிடித்த வகை. டாப்ஸன் 1915இல் பெய்ஜிங்கில் பிறந்தவர். ராமகிருஷ்ண மடத்தின் துறவியாக 23 வருடம் இருந்து, மடத்துக்குத் தெரியாமல் தொலைநோக்கி செய்துகொண்டே இருந்ததில் 1967இல் வெளியே அனுப்பப்பட்டவர். பிறகு தெருவோரத்தில் தொலைநோக்கியை நிறுத்திப் போகிறவர் வருகிறவரையெல்லாம் நிலாவைப் பார்க்கச் சொன்னார். அவருடைய தாங்கியில் மோட்டார் கிடையாது, கியர் கிடையாது. அடியில் ஒரு பலகை, அதன் மேல் சுழலும் ஒரு பெட்டி, பெட்டியின் மேல் ஏறி இறங்கும் குழாய். பெட்டியின் அடியில் சன்மைக்கா, அது உட்காரும் இடத்தில் மூன்று டெஃப்லான் துண்டு. விரலால் தள்ளினால் போகும், விட்டால் நிற்கும். பீரங்கி வண்டி மாதிரிதான். ராமகிருஷ்ண மடத்துச் சாமியார் செஞ்சது என்பதில் அண்ணிக்கு ரொம்பத் திருப்தி. அண்ணாவுக்குக் கியர் இல்லை என்பதில்.

இப்படிப்பட்ட கருவியில் மங்கலான ஒன்றை எப்படித் தேடுவது? கண்ணுக்குத் தெரியும் ஒரு நட்சத்திரத்தில் தொடங்கவேண்டும். வரைபடத்தைப் பார்த்து, ஃபைண்டரில் அடுத்த நட்சத்திரம், அங்கிருந்து ஒரு முக்கோணம், முக்கோணத்தின் நுனியிலிருந்து இன்னும் கொஞ்சம். ஆற்றில் பாறை பாறையாகத் தாண்டிப் போவதைப் போல. அண்ணா இதில் மன்னன். அஸ்த நட்சத்திரம் இருக்கும் காக்கை மண்டலத்தின் மேல் மூலையில் தொடங்கி, வரிசையாக நிற்கும் சில மங்கலான நட்சத்திரங்களைப் பிடித்துக்கொண்டு அரை நிமிடத்தில் சாம்ப்ரேரோ காலக்ஸிக்குப் போய்விடுவார். சுமார் 3 கோடி ஒளியாண்டு. நடுவில் ஒரு கறுப்புக் கோடு ஓடும் வெளிச்சக் கீற்று. நான் அதே வழியில் போய் மூன்று முறை தொலைந்திருக்கிறேன். "தொலைஞ்சாத்தான் தம்பி ஊரு தெரியும்" என்பார். உண்மைதான். தொலைந்த ராத்திரிகளில்தான் கன்னி மண்டலத்தில் பேர் தெரியாத காலக்ஸிகள் பலவற்றில் தடுக்கி விழுந்தேன்.

பிறகு எனக்கு வேலை கிடைத்தது. சரவணம்பட்டியில் ஆபீஸ், பக்கத்திலேயே ஏழாவது மாடியில் வீடு. தொலைநோக்கி என்னிடம்தான் இருந்தது, லிஃப்ட் இருப்பதால். மொட்டைமாடியில் போய் நின்றால் வானம் சாம்பல் கலரில் இருக்கும். கண்ணுக்குத் தெரிவது மொத்தம் பதினைந்து நட்சத்திரம் இருந்தால் அதிகம். முதல் பாறைக்கும் அடுத்த பாறைக்கும் நடுவில் ஆறு மட்டும்தான். பகலெல்லாம் மீட்டிங்கில் உட்கார்ந்துவிட்டு, ராத்திரி பதினொரு மணிக்குக் குழாயைத் தூக்கி மாடியில் வைத்து, இரண்டு மணி நேரம் தேடி, ஒன்றும் கிடைக்காமல் இறக்கி எடுத்துக்கொண்டு வருவேன். தொலைந்துபோவதன் ருசியெல்லாம் இருட்டு இருக்கும் ஊரில்தான். இங்கே வெறும் தோல்வி.

முதலில் செய்தது எலக்ட்ரானிக்ஸ்கூட இல்லை. ஃபிளெக்ஸ் பேனர் கடையில் 360 டிகிரி குறித்த ஒரு பெரிய வட்டத்தை அச்சடித்து வாங்கி, அடிப்பலகையில் ஒட்டினேன். குழாயின் மேல் காந்தத்தில் ஒட்டும் டிஜிட்டல் கோணமானி ஒன்று. கார்பெண்டர்கள் வைத்திருப்பதுதான். போன் ஆப் அந்த நிமிடத்தில் ஒரு பொருளின் திசையையும் உயரத்தையும் சொல்லும். வட்டத்தில் திசை, கோணமானியில் உயரம். அவ்வளவுதான், ஐந்நூறு அறுநூறு ரூபாய்க் காரியம். அந்த மாடியிலிருந்து முதல் தடவையாக ஹெர்குலஸ் கொத்தைப் பார்த்தபோது சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். வாட்ச்மேன் மேலே வந்து பார்த்துவிட்டுப் போனார். (போனையே குழாயில் கட்டிப்பார்த்த கதையும் உண்டு. அதன் திசைகாட்டி பக்கத்தில் இருக்கும் ஒவ்வொரு இரும்புத் திருகுக்கும் ஒவ்வொரு வடக்கைக் காட்டும்.)

ஆனால் இந்த முறையில் பலகை கச்சிதமாக மட்டமாக இருக்கவேண்டும், வடக்கை ஒவ்வொரு முறையும் சரிசெய்யவேண்டும், எண்களைப் படித்து முடிப்பதற்குள் பூமி சுற்றிவிடும். ஆசை யாரை விட்டது. அடுத்தது என்கோடர்.

என்கோடர் ஒன்றும் மாயமில்லை. உள்ளே ஓர் உருளைத் தகடு, அதில் 600 கோடுகள், ஒரு பக்கம் விளக்கு, மறுபக்கம் இரண்டு கண். அச்சு சுற்றும்போது கோடுகள் வெளிச்சத்தை மறைத்து மறைத்து விடும். இரண்டு கண்களும் கொஞ்சம் தள்ளி இருப்பதால் எது முதலில் இருண்டது என்பதை வைத்துச் சுற்றும் பக்கமும் தெரிந்துவிடும். எல்லா மாற்றங்களையும் எண்ணினால் ஒரு சுற்றுக்கு 2,400. அதாவது ஓர் எண்ணிக்கைக்கு 9 ஆர்க் நிமிடம். முழு நிலாவின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. என்னுடைய 40 மடங்கு கண்வில்லையில் இரண்டு நிலாவுக்கு மேல் அடங்கும் என்பதால் இது போதும் என்று கணக்குப் போட்டேன். பெட்டி சுழலும் அச்சில் ஒன்று, குழாய் ஏறி இறங்கும் அச்சில் ஒன்று. இரண்டும் ஒரு சின்ன ஈஎஸ்பி32 போர்டுக்குப் போகும். அது எண்ணிக்கையை வைஃபையில் போனுக்கு அனுப்பும். மோட்டார் கிடையாது. தள்ளுவது நம் கைதான். எங்கே இருக்கிறோம் என்று மட்டும் அது சொல்லும்.

இதில் பலகை மட்டமாக இருக்கத் தேவையில்லை என்பதுதான் என்னைக் கவர்ந்தது. தெரிந்த இரண்டு நட்சத்திரங்களை ஒவ்வொன்றாகக் கண்வில்லையின் நடுவில் கொண்டுவந்து "இது இன்னது" என்று சொன்னால், பலகை எப்படிச் சாய்ந்திருந்தாலும் மீதி வானம் முழுவதையும் கணக்குப் போட்டுவிடலாம். பிளஸ் டூவில் மனப்பாடம் செய்து மறந்த மேட்ரிக்ஸ்தான். தோஷிமி தாக்கி என்ற ஜப்பானியர் 1989இல் 'ஸ்கை அண்ட் டெலஸ்கோப்' இதழில் இந்த முறையை எழுதினார். கையால் தள்ளும் தொலைநோக்கிகளில் இந்த வேலை செய்கிற பலரும் எங்கேயாவது ஒரு இடத்தில் அதற்கு வந்து சேர்வார்கள். பரீட்சைக்கு வராத ஒரு மேட்ரிக்ஸை நான் வாழ்க்கையில் முதல் தடவையாக விரும்பிப் படித்தேன்.

தப்புகளைப் பட்டியல் போட்டால் கட்டுரை தாங்காது. ஒன்று மட்டும். என்கோடரின் வெளியீட்டுக் கம்பிகளுக்குப் புல்-அப் ரெசிஸ்டர் போடவேண்டும் என்பதை நான் படிக்கவில்லை. குழாயைத் தொடாமலே போனில் வட்டம் வானமெல்லாம் ஓடியது. பேய் பிடித்த மாதிரி. சாஃப்ட்வேரில் தப்பு என்று மூன்று வாரம் கோடைத் திருத்திக்கொண்டிருந்தேன், என் தொழிலே அதுதானே. காந்திபுரத்து எலக்ட்ரானிக்ஸ் கடைக்காரர் ஒயரைப் பார்த்த மாத்திரத்தில் நாலு ரெசிஸ்டரை எடுத்துக் கையில் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

இவ்வளவும் முடிந்து, அதைக் கொண்டுபோய்ப் பட்டறையில் வைத்துக் காட்டியபோதுதான் அண்ணா அந்தக் கேள்வியைக் கேட்டார்.

அன்று ராத்திரி அவருக்கு நீளமாக ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். மதராஸ் வானாய்வகத்தைப் பற்றி. 19ஆம் நூற்றாண்டில் நுங்கம்பாக்கத்தில் ஒரு மெரிடியன் வட்டம் இருந்தது. வடக்கு தெற்காக மட்டும் ஏறி இறங்கும் தொலைநோக்கி, அதன் அச்சில் கோடு பொறித்த பெரிய வட்டம், கோட்டைப் படிக்க நுண்ணோக்கிகள். எந்தக் கோணத்தில் வைக்கவேண்டும் என்று முன்கூட்டியே எண்ணைப் பார்த்து வைத்துவிட்டு, நட்சத்திரம் வந்து கம்பியைத் தாண்டும் நொடிக்குக் காத்திருப்பார்கள். அங்கே உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் ஆர் ரெடிகுலி என்ற நட்சத்திரத்தின் ஒளி மாறுகிறது என்று கண்டுபிடித்தார். ஆயிரக்கணக்கான நட்சத்திரங்களுக்கு அப்படி இடம் குறித்தார்கள். எண்ணை வைத்துக்கொண்டு போவது ஏமாத்து வேலைன்னா அவரும் ஏமாத்துக்காரர்தானா? தாவித் தாவிப் போறதுதான் புதுசுங்ணா, இதுதான் பழசு. நல்ல வாதம் என்று இப்போதும் நினைக்கிறேன். பதிலுக்கு ஒரு வார்த்தை வந்தது: "சரி."

அதன் பிறகு இரண்டு மாதம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

*

பங்குனி அமாவாசைக்கு அண்ணிதான் கூப்பிட்டார். தாராபுரம் பக்கம் அவருடைய அண்ணன் தோட்டம். எங்கள் வழக்கமான இடம். சாளைக்கு முன்னால் சிமெண்டுக் களம், சுற்றிலும் தென்னை, தெற்கே திறந்த வானம். தொலைவில் காற்றாலைகளின் சிவப்பு விளக்குகள் ஒன்றாக மினுங்கி ஒன்றாக அணையும். மற்றபடி இருட்டு. "கூட ஆள் இல்லாம அவரு போக மாட்டேங்கறாரு, நீங்க வாங்க தம்பி" என்றார். கூட ஆள் இல்லாமல் என்ற வார்த்தையை நான் கவனித்திருக்கவேண்டும்.

டப்பாவைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் போனேன். சமாதானக் கொடி. ஆனால் அண்ணா வரைபடத்தை என் கையில் கொடுத்துவிட்டார். "இன்னைக்கு நீயே ஓட்டு." நான் தடவித் தடவிச் சாம்ப்ரேரோவுக்கு வந்து சேர இருபது நிமிடம் ஆனது. உற்சாகத்தில் மடங்கைக் கூட்டி, 120இல் வைத்து, நான் பார்த்து முடித்துவிட்டு, "வாங்ணா" என்றேன். அவர் கயிற்றுக் கட்டிலிலிருந்து எழுந்து, களத்தின் ஓரம் தடுக்கி, என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். குனிந்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"ம்ம். அருமை. கோடு நல்லாத் தெரியுது."

நான் மறுபடி குனிந்தேன். கண்வில்லையில் ஒன்றுமே இல்லை. மோட்டார் இல்லாத தொலைநோக்கி. அந்த மடங்கில் இரண்டு நிமிடத்தில் எல்லாம் நகர்ந்து வெளியே போய்விடும். அவர் எழுந்து வருவதற்குள்ளேயே போயிருக்கவேண்டும். இரண்டு மூன்று சாதாரண நட்சத்திரங்கள் மட்டும் நின்றன.

நான் ஒன்றும் சொல்லவில்லை. "ஆமாங்ணா" என்றேன்.

காலையில் கிணற்றடியில் அண்ணி சொன்னார். சர்க்கரை. முந்தின வருடமே கண்ணுக்குள் ரத்தக் கசிவு என்று சொல்லி, இரண்டு கண்ணிலும் லேசர் வைத்திருக்கிறார்கள், மூன்று நான்கு தடவையாக. "பேப்பர் படிக்கறாரு, டயல் கேஜ் பாக்கறாரு, அதெல்லாம் தெரியுது. பொழுது விழுந்தாத்தான் ஒண்ணுந் தெரியறதில்லீங்க தம்பி. உங்ககிட்டச் சொல்ல வேண்டாம்னுட்டாரு."

வானம் பார்க்கிறவர்கள் முதலில் கற்றுக்கொள்ளும் வித்தை ஓரப்பார்வை. மங்கலான ஒன்றை நேராகப் பார்க்கக் கூடாது. கொஞ்சம் தள்ளிப் பார்த்தால் சட்டென்று தெரியும். விழித்திரையின் நடுப்புள்ளியில் இருப்பவை நிறமும் நுணுக்கமும் பார்க்கும் செல்கள், அவற்றுக்கு நல்ல வெளிச்சம் வேண்டும். இருட்டில் வேலை செய்யும் குச்சி செல்கள் சுற்றிலும்தான் நெருக்கமாக இருக்கின்றன. சர்க்கரையால் விழித்திரை கெடும்போது, நடுவைக் காப்பாற்றுவதற்காக டாக்டர்கள் அந்தச் சுற்றுப்பகுதியைத்தான் லேசரால் புள்ளி புள்ளியாகச் சுடுகிறார்கள். சரியான வைத்தியம்தான். அது இல்லாவிட்டால் மொத்தப் பார்வையும் போகக்கூடும். ஆனால் பேப்பரையும் டயல் கேஜையும் அவருக்கு விட்டுவைத்த அதே வைத்தியம், சாம்ப்ரேரோவை எடுத்துக்கொண்டுவிட்டது. மேலே ஒரு மங்கல் நட்சத்திரம், அங்கிருந்து ஒரு முக்கோணம் என்று அவர் தாவிப் போன பாறைகள் எல்லாம் ஒவ்வொன்றாகத் தண்ணீருக்குள் போயிருக்கின்றன. அந்த நேரத்தில்தான் நான் போய் நின்று, "நீங்க ஒண்ணும் தேட வேண்டாங்ணா" என்றிருக்கிறேன்.

வரும் வழியெல்லாம் அவர் காரில் முன்சீட்டில் தூங்கிக்கொண்டு வந்தார். நானும் எதுவும் கேட்கவில்லை.

*

பத்து நாள் கழித்துப் போன். "அந்த நடு போல்ட்டைக் கழட்டீட்டு வா. டப்பாவும் எடுத்துக்க."

பட்டறைக்குப் போனேன். கண்ணைப் பற்றி அவர் பேசவில்லை, நானும் பேசவில்லை. "அன்னைக்கே கைல தெரிஞ்சுது. பெட்டி ஆடுது" என்றார். பெட்டி சுழலும் நடு அச்சு நான் ஹார்டுவேர் கடையில் வாங்கின சாதாரண போல்ட். துளை அதைவிட ஒரு மில்லிமீட்டர் பெரிசு. பத்து வருடமாக அதனால் ஒரு தொந்தரவும் இல்லை. கையால் தள்ளி, கண்ணால் பார்க்கும் வரை ஆட்டம் ஒரு பொருட்டே இல்லை. ஆனால் என்கோடரைச் சுழலாமல் பிடித்துக்கொண்டிருந்த கை 60 மில்லிமீட்டர் நீளம். அதில் ஒரு மில்லிமீட்டர் ஆட்டம் என்றால் ஏறக்குறைய ஒரு டிகிரி. இரண்டு நிலா அகலம். என் மாடியில் சில ராத்திரி எல்லாம் சரியாக வந்து, சில ராத்திரி எதுவுமே வராமல் போனதற்கு நான் மேட்ரிக்ஸைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

"இதென்னது?" அச்சையும் என்கோடரையும் இணைத்திருந்ததைக் காட்டினார்.

"பெட்ரோல் டியூப்ங்ணா."

அன்றைக்குத்தான் ரொம்ப நாளைக்குப் பிறகு அவர் சிரித்தார். ரப்பர் முறுக்கிக்கொள்ளும், நீ தள்ளுவதை விட்ட பிறகு அது மெதுவாக விடும், உன் நட்சத்திரம் தானாக நகர்ந்த மாதிரி இருக்கும் என்றார். அப்படித்தான் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அவர் லேத்தில் நின்றார். சக்கில் பித்தளையைக் கட்டி, டயல் கேஜ் வைத்து ஓட்டம் பார்த்து, புஷ் கடைந்தார். முன்பெல்லாம் அளவைக் கண்ணால் பார்ப்பவர், இப்போது சுருள் உதிரும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கடைகிற மாதிரி எனக்குத் தோன்றியது. என் கற்பனையாகவும் இருக்கலாம். எஃகில் ஒரு புது அச்சு, அது உள்ளே போவதே காற்றை வெளியே தள்ளிக்கொண்டு மெதுவாகத்தான் போனது. டியூபுக்குப் பதில் 20 பல், 80 பல் கப்பிகளும் ஒரு டைமிங் பெல்ட்டும். இப்போது ஒரு சுற்றுக்கு 9,600 எண்ணிக்கை, ஒன்றுக்கு 2.25 ஆர்க் நிமிடம். "கியரே வேண்டாம்னு சொன்னீங்களேங்ணா" என்றேன். "இது கியர் இல்ல, பெல்ட்டு" என்றார்.

இந்தக் காலத்தில் என்கோடரே பழசு. போன் கேமராவே மேலே நட்சத்திரங்களைப் படம் பிடித்து, அவற்றின் வடிவத்தைப் பொருத்திப் பார்த்து, எங்கே இருக்கிறோம் என்று சொல்லிவிடுகிறது. புஷ் வேண்டாம், பெல்ட் வேண்டாம், ஆட்டத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். நண்பன் ஒருவன் அதை வாங்கிவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்க்கிறான். இருக்கட்டும். லேத்தில் கடைய அதில் ஒன்றும் இல்லை.

என் பங்குக்கு நான் சத்தத்தைச் சேர்த்தேன். அண்ணாவால் இருட்டில் போன் திரையைப் பார்க்க முடியாது. சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டினாலும், அந்த வெளிச்சத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் கண் தெளிய நெடுநேரம் ஆகிறது. எனவே ஆப்பில் ஒரு பெயரைத் தேர்ந்தெடுத்தால் அது போர்டுக்குப் போகும், போர்டில் ஒரு சின்ன பஸ்ஸர். பக்கவாட்டுக்கு ஒரு சுருதி, உயரத்துக்கு ஒரு சுருதி. கிட்டப் போகப் போக பீப் பீப் என்று வேகமாகும், சேர்ந்ததும் நிற்காமல் ஒலிக்கும். செய்துகொண்டுபோய்க் காட்டினேன்.

"காரு ரிவர்ஸ் எடுக்கறாப்ல இருக்குது" என்றார். "வந்து சேந்தாச் சத்தம் நிக்கோணும் சாமி. மிஷினு சரியா ஓடுனாச் சத்தம் வராது."

அது தப்பு என்று வாதாடினேன். சத்தம் நின்றால் சேர்ந்துவிட்டது என்று அர்த்தமா, பேட்டரி தீர்ந்தது என்று அர்த்தமா? கடைசியில், சேர்ந்ததும் ஒரு சின்ன டிக், அதற்குப் பிறகு மௌனம் என்று ஒப்பந்தம் ஆனது.

சித்திரை அமாவாசைக்கு மறுபடியும் தாராபுரம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தொடங்கிவிட்டது, காற்றாலைகள் உறுமிக்கொண்டிருந்தன. குழாய் கொஞ்சம் நடுங்கியது. அண்ணா தாமே மகத்தையும் சித்திரையையும் நடுவில் வைத்து மேட்ரிக்ஸுக்குச் சொன்னார். அந்த அளவு வெளிச்சமான நட்சத்திரங்கள் அவருக்குத் தெரிகின்றன. நான் பட்டியல் ஒன்று கொண்டுபோயிருந்தேன், எல்லாம் இரட்டை நட்சத்திரங்கள். காலக்ஸிக்கு ஓரப்பார்வை வேண்டும், இரட்டைகளுக்கு நடுப்பார்வை போதும். சிம்மத்தின் கழுத்தில் இருக்கும் ஆரஞ்சு ஜோடி. பீப், பீப், பீப்பீப், டிக். "ரெண்டு. ஒண்ணு கொஞ்சம் சின்னது" என்றார். நகரும் முன்னால் சொல்லிவிட்டார். கன்னியில் ஒரு ஜோடி, அச்சு அசலாக ஒரே அளவு. பத்தரை மணிக்குத் தெற்கே தென்னைகளுக்கு மேல் ஆல்ஃபா சென்டாரி. குழாயை அவர் ஒற்றை விரலால் தள்ளிக்கொண்டு போனதைப் பார்க்கவேண்டும். காதைச் சாய்த்து, வாயைக் கொஞ்சம் திறந்து, லேத்தில் கடைசி கட் எடுக்கும்போது இருப்பாரே, அப்படி.

பட்டியல் முடிந்தது. நான் ஃபிளாஸ்க்கைத் திறந்தேன்.

"அதப் போடு" என்றார்.

எது என்று கேட்கவில்லை. போட்டேன். அவர் வடக்கே திரும்பி, காக்கை மண்டலத்தின் பக்கமாகத் தள்ளினார். பழைய வழியிலேயே போகிறாரோ என்று தோன்றியது. காக்கையின் மூலைக்கு முதலில் வந்து, அங்கே ஒரு நொடி நிறுத்தி, பிறகு மேலே. பீப் வேகமானது. டிக். காற்றாலைச் சத்தம் மட்டும்.

குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம். நான் நேரத்தைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். 40 மடங்குதான், நாலைந்து நிமிடம் நிற்கும்.

"ஒண்ணுந் தெரியல தம்பி" என்றார். "நீ பாரு. இருக்குதா?"

பார்த்தேன்.

"இருக்குதுங்ணா."

"நடுவுலயா?"

"நடுவுலதாங்ணா."

அவர் குனிந்து பெட்டியின் அடியில் கைவிட்டு, விரலால் பெல்ட்டைத் தட்டிப் பார்த்தார். "கொஞ்சம் தளர்ந்திருக்குது" என்றார். "காலைல இறுக்கிக்கலாம்."